திறனை அறியும் பொறுப்பு யாருடையது? பட்டமும் வேலையும் குறித்து மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் விளாங்குடி, பரவை தாண்டினால் சமயநல்லூர். வைகைப் பாசன வயல்களும் லேத் பட்டறைகளும் வாகனப் பணிமனைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஊர். 2001இல் 106 மெகாவாட் திறன் கொண்ட தனியார் மின் நிலையம் ஒன்றும் இங்கே இயங்கத் தொடங்கியது. இந்தச் சாலையோரச் சுவர்களில் ஒட்டப்படும் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ்களை வாசித்துக்கொண்டே போனால் இரண்டு வகைக் கோரிக்கைகள் தெரியும். பட்டறைக்காரர் “வேலை தெரிந்த ஆள்” கேட்கிறார். ஷோரூம், நிதி நிறுவனம், மருத்துவமனை வரவேற்பறை போன்ற இடங்களுக்கு “எனி டிகிரி” கேட்கிறார்கள்.

இரண்டாவது கோரிக்கை ஆராயத்தக்கது. தாவரவியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஒரே நாற்காலிக்குப் பொருத்தம் என்றால், அந்த மூன்றாண்டுப் படிப்பில் கற்ற பாடம் எதுவும் அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை என்றே பொருள். அங்கே பட்டம் அறிவுக்கு அளவுகோலாக இல்லை. வருகிற கூட்டத்தைக் குறைக்கும் சல்லடையாக இருக்கிறது.

அப்படியானால் வேலை தருவோர் பட்டத்தை ஒதுக்கிவிட்டுத் திறனை மட்டும் பார்த்தால் போதுமா? உலகெங்கும் இந்தக் குரல் இப்போது பலமாக ஒலிக்கிறது. கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் சாதியும் சிபாரிசும் வேலைச் சந்தையின் வாசலில் நெடுங்காலம் நின்ற ஒரு சமூகத்தில் இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது.

தெளிவுக்காக மூன்றைப் பிரித்துக்கொள்வோம். கல்வித்தகுதி என்பது ஒரு நிறுவனம் கொடுத்த சான்று. கைத்திறன் என்பது ஒருவர் இன்றைக்குச் செய்து காட்டக்கூடியது. கற்கும் திறன் என்பது கற்றுக்கொடுத்தால் அவர் நாளை செய்யக்கூடியது. ‘பட்டமா, திறனா’ என்ற விவாதத்தில் பின்னிரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. கைத்திறனைச் செய்யச் சொல்லிப் பார்க்கலாம். கற்கும் திறனை ஊகிக்கத்தான் முடியும். சிக்கலில் பெரும்பகுதி இந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

2. சான்றிதழின் பக்கத்து நியாயம்

பட்டத்தைக் குறை சொல்வதற்கு முன், தமிழ்நாட்டில் அது செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் பிறந்த வகுப்புவாரி அரசாணை தொடங்கி இடஒதுக்கீட்டின் நூறாண்டு வரலாறு முழுவதும் ஓர் அடிப்படை மீது நிற்கிறது: இன்ன படிப்பு முடித்தவர் எவரும் இன்ன வேலைக்கு உரிமையோடு விண்ணப்பிக்கலாம். விதியில் எழுதப்பட்ட தகுதி இருப்பவரை “நீ சரிப்பட மாட்டாய்” என்று முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. அப்பன் பெயரோ ஊர்த்தெருவோ கேட்காத ஒரே காகிதமாகச் சான்றிதழ் இருந்தது. காமராசர் காலத்துப் பள்ளிகளும் மதிய உணவும், பின்வந்த ஆட்சிகளின் கல்லூரிப் பெருக்கமும் அந்தக் காகிதத்தைக் குடிசை வரை கொண்டுசேர்த்தன. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு.

பொருளியலாளர்களும் சான்றிதழுக்கு ஒரு பயன் கண்டார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் பட்டத்தை ஒரு சமிக்ஞையாக விளக்கினார். ஆளின் உண்மைத் திறன் முதலாளிக்குத் தெரியாது. கடினமான ஒரு படிப்பை முடித்திருக்கிறார் என்பதிலிருந்து அவர் பொறுமையும் ஊக்கமும் உள்ளவர் என்று ஊகித்துக்கொள்கிறார். படிப்பில் எதுவும் கற்காவிட்டாலும் இந்த ஊகம் வேலை செய்யும் என்பதுதான் அவருடைய கோட்பாட்டின் கூர்மை. 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் இந்த விளக்கத்துக்குள்ளேயே ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. திறனைக் கண்டறிவதற்கு யாராவது செலவு செய்தாக வேண்டும். பட்டம் கேட்கும் முதலாளி அந்தச் செலவை விண்ணப்பதாரரின் குடும்பத்தின் மீது இறக்கிவைக்கிறார். மூன்றாண்டு, நான்காண்டுக் கல்விக் கட்டணம், கல்விக் கடன், அடகு போன நகை, அந்தக் காலத்தில் சம்பாதிக்காமல் விட்ட கூலி எல்லாம் சேர்ந்து முதலாளிக்கு ஓர் இலவசச் சல்லடையைத் தயாரித்துக் கொடுக்கின்றன. இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

3. பட்டத்தின் மீதான விமர்சனம்

சமூகவியலாளர் ஐவர் பெர்க் 1970இல், அதிகம் படித்த ஊழியர் அதிகம் நன்றாக வேலை செய்கிறார் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்கத் தரவுகளில் ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். தேவைக்கு மேல் படித்தவர்கள் அந்த வேலையில் மனநிறைவின்றி விரைவில் விலகிப்போவதையும் சுட்டினார். ரொனால்ட் டோர் 1976இல் எழுதிய நூலில் ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை இங்கிலாந்தோடு ஒப்பிட்டார். தொழில்மயமாக்கத்தில் பின்தங்கி வந்த நாடுகளில் பட்டத்தின் மீதான மோகம் இன்னும் கடுமையாகிறது என்பது அவர் முடிவு. பட்டதாரிகள் பெருகும்போது ஒவ்வொரு வேலைக்கும் கேட்கப்படும் படிப்பு ஒரு படி உயர்கிறது. வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. ராண்டல் காலின்ஸ் 1979இல் இதையே, வேலைகளைத் தமக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் குழுக்கள் எழுப்பும் வேலியாக விளக்கினார்.

இந்தப் படியேற்றத்தைத் தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் காணலாம். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் உள்ளிட்ட பெரும்பாலான பணிகளுக்கு விதி கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. 2024 சனவரியில் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பட்டதாரிகளும் பொறியாளர்களும் அந்த வரிசையில் நிற்பது நம் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. பத்தாம் வகுப்போடு நின்றவர் சட்டப்படி தகுதியுள்ளவர்; போட்டிப்படி பின்தள்ளப்பட்டவர்.

இதன் மறுபக்கத்தை உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் சந்தித்தது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விளம்பரம் சொன்னது. ஒடிசாவைச் சேர்ந்த ஒருவர் தன் பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தார். அது தெரியவந்ததும் வங்கி அவரை நிராகரித்தது. வங்கியின் முடிவை நீதிமன்றம் ஏற்றது. படித்ததை மறைத்தால்தான் பிழைப்பு என்ற நிலைக்கு ஒருவர் வந்தது, கல்விக்கும் வேலைக்கும் இடையிலான தொடர்பு எவ்வளவு முறுக்கேறியிருக்கிறது என்பதற்குச் சான்று.

4. எந்தத் தேர்வுமுறை எதைச் சொல்கிறது?

வேலையில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் எந்த முறை நம்பகமானது? இதற்கு நூறாண்டாக உளவியலாளர்கள் தரவு சேர்த்திருக்கிறார்கள். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். முழுப் பொருத்தம் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0 என்ற அளவில், வேலையையே செய்துகாட்டச் சொல்லும் சோதனை 0.54, பொது அறிவுத்திறன் தேர்வு 0.51, எல்லோருக்கும் ஒரே கேள்விகளை முன்பே வகுத்துக்கொண்டு நடத்தும் நேர்காணல் 0.51, மனம்போனபடி நடத்தும் நேர்காணல் 0.38 பெற்றன. எத்தனை ஆண்டு படித்தார் என்பது பெற்ற மதிப்பு 0.10 மட்டுமே.

பட்டத்துக்கு எதிரான பலமான சான்றாக இது காட்டப்படுகிறது. இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ஒரு வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே அளவு படித்தே அங்கு வந்திருப்பார்கள். அவர்களுக்குள் ஒப்பிடும்போது படிப்பின் பங்கு குறைவாகத் தெரிவது இயல்பு. இரண்டாவது, பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022இல் இதே துறையை மறு ஆய்வு செய்து, பழைய எண்களில் பல மிகையானவை என்று காட்டினார்கள். அவர்கள் கணக்கில் அறிவுத்திறன் தேர்வு 0.31ஆக இறங்கியது. வகுக்கப்பட்ட நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்துக்கு வந்தது. தொழில் அறிவுத் தேர்வுக்கு 0.40, செய்துகாட்டும் சோதனைக்கு 0.33. மனம்போன நேர்காணல் 0.19க்குச் சரிந்தது.

இந்தத் தரவுகளில் பெரும்பகுதி மேலை நாடுகளைச் சேர்ந்தவை. ஆகவே எண்களை அப்படியே இங்கு நடுவதில் பயனில்லை. ஆனால் இரு தொகுப்புகளிலும் மாறாத ஒரு வரிசை உண்டு. வேலையோடு நெருங்கியிருக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தப்படும் சோதனைகள் மேலே இருக்கின்றன. “ஆளைப் பார்த்தாலே தெரியும்” என்ற முறை கீழே இருக்கிறது. பட்டத்தை நீக்கிவிட்டு இந்தக் கீழ் முறையை வைத்துக்கொள்பவர் திறனுக்கு மதிப்பளித்தவர் ஆகமாட்டார்.

5. ஒரே அறுவை அரங்கில் இரண்டு விதிகள்: அரவிந்த்

மதுரையிலேயே இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுச் சோதனைக் களம் ஒன்று இருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அது. அதன் மலிவான, பெருந்தொகையான கண்புரை அறுவை சிகிச்சைகள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெருந்தொகையைச் சாத்தியமாக்கிய ஆள்சேர்ப்பு முறை பற்றித் தமிழில் போதுமான விவாதம் நடக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, பெரும்பாலும் கிராமங்களைச் சேர்ந்த இளம்பெண்களை மருத்துவமனை சேர்த்துக்கொள்கிறது. கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, இரண்டாண்டு பயிற்றுவிக்கிறது. பொதுப் பாடங்களுக்குப் பின் ஒவ்வொருவரும் ஒரு பிரிவில் தேர்ச்சி பெறுகிறார்கள்: பார்வை அளவிடுதல், கண் அழுத்தம் பார்த்தல், விழிக்குள் பொருத்த வேண்டிய லென்சின் அளவைக் கணக்கிடுதல், நோயாளிக்கு எடுத்துச் சொல்லுதல், அறுவை அரங்கில் துணைநிற்றல். மருத்துவமனைப் பணியாளரில் பெரும்பான்மையோர் இவர்களே.

அறுவை அரங்கைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவித் தட்டை ஒழுங்குபடுத்தித் தயாராக வைத்திருக்கிறார்கள் அந்தப் பெண்கள். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கி அடுத்த மேசைக்குத் திரும்புகிறது, மருத்துவரும் திரும்புகிறார். அவருடைய நேரம் அறுவைக்கு மட்டுமே செலவாகிறது. அரவிந்த் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்வதாகச் சொல்லப்படுவதன் அடிப்படை இந்த ஏற்பாடுதான். அரவிந்த் 1992இல் தொடங்கிய அரோலேப் ஆலையிலும் இதே மாதிரிப் பின்னணியுள்ள பெண்கள் விழிலென்ஸ் தயாரிப்பில் ஈடுபட்டார்கள். நூறு டாலருக்கும் மேல் விற்ற இறக்குமதி லென்சுக்கு மாற்றாகப் பத்து டாலர் அளவில் லென்ஸ் கிடைத்தது.

இந்தக் காட்சியில் ஒரே மேசையைச் சுற்றி இரண்டு விதிகள் செயல்படுகின்றன. கத்தி பிடிப்பவருக்குப் பட்டமும் பதிவும் கட்டாயம். அதில் சமரசம் கிடையாது. கருவி எடுத்துத் தருபவருக்குக் கல்லூரிப் பட்டம் தேவைப்படவில்லை. உள்ளேயே கொடுத்த கடுமையான பயிற்சி போதுமானதாக இருக்கிறது. ஆகவே ‘பட்டமா, திறனா’ என்பதை ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாகக் கேட்பதே பிழை. ஒவ்வொரு பணியையும் தனித்தனியாகப் பிரித்து, இந்தப் பணிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், தவறினால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்க வேண்டும்.

அரவிந்தின் முறையிலும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. ஒன்று, சான்றின் செல்லுபடி. நிறுவனத்துக்குள் பெற்ற பயிற்சிக்கு வெளியே என்ன மதிப்பு? துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், இத்தகைய பணியாளருக்கு இரண்டாண்டுக்குக் குறையாமல், 2,000 மணி நேரத்துக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது. உள்பயிற்சிகளும் இனி இந்த அளவுகோலோடு தம்மைப் பொருத்திக் காட்டியாக வேண்டும். கெடுபிடி என்று இதை ஒதுக்கக் கூடாது. வேறு ஊருக்கு மணமாகிப் போகும் பெண் தன் திறனைக் கையோடு எடுத்துச்செல்ல அது வழிசெய்யும்.

மற்றொன்று, தேர்ந்தெடுக்கும் அளவுகோல். தேர்வு மதிப்பெண்ணைவிட இயல்பு, சேவை மனம், குடும்பச் சூழல் ஆகியவற்றைப் பார்த்து எடுப்பது அரவிந்தின் பெயர்பெற்ற வழக்கம். ஒரு சேவை நிறுவனத்தில் அது நல்ல விளைவைத் தந்திருக்கிறது. எல்லா முதலாளிகளும் அதைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

6. ‘திறன்’ என்பதன் மீது விழும் நிழல்

சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. பெரிய நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு மேலாளர்களை அவர்கள் பேட்டி கண்டார்கள். எல்லோரும் தகுதியை மட்டுமே பார்ப்பதாக உறுதி சொன்னார்கள். அதே மூச்சில் குடும்பப் பின்னணியை விசாரிப்பதாகவும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, எந்த ஊர், வீட்டில் யார் யார் படித்தவர்கள் என்பவையே அவர்களுக்கு ஒருவரின் இயல்பைக் காட்டும் கண்ணாடி. அதே ஆண்டில் சுக்தேவ் தோரட், பால் அட்டுவெல் இருவரும் செய்தித்தாள் விளம்பரங்களுக்குச் சமமான படிப்புள்ள விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். பெயர் மட்டும் வேறு. தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. கையில் சமமான சான்றிதழ் இருக்கும்போதே இந்த நிலை. சான்றிதழும் இல்லாத இடத்தில் எது பேசும்?

தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட நினைவு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. செய்து கற்பதற்கு மதிப்பளிக்கும் திட்டம் என்றுதான் அது முன்வைக்கப்பட்டது. குலக்கல்வி என்று மக்கள் அதை அடையாளம் கண்டு எதிர்த்தார்கள். 1954இல் ஆட்சிக்கு வந்த காமராசர் அதைக் கைவிட்டார். ஒருவருக்கு எது இயல்பாக வரும் என்பதை அடுத்தவர் முடிவுசெய்யும்போது, பிறப்பு சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும் என்பது அந்தப் போராட்டம் விட்டுச்சென்ற பாடம். அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய நூலும், சென்னை ஐஐடியை மையமாக வைத்து, தகுதி பற்றிய பேச்சுக்குள் சாதி எப்படித் தங்கியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

எழுத்துத் தேர்வு வைத்துத் திறனை அளந்தால் இந்த நிழல் விலகிவிடுமா? டோர் தம் நூலில் பாடத் தேர்வுகளுக்கு மாற்றாகத் திறனறித் தேர்வுகளையே பரிந்துரைத்தார். ஆனால் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர் எந்தத் தேர்வையும் வசப்படுத்த முடியும் என்பது நம் அனுபவம். தமிழ்நாடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை நீக்கியதற்கும், நீட் தேர்வு குறித்து நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கைக்கும் அடிப்படை இதுவே. பள்ளி மதிப்பெண்ணைவிடத் ‘தகுதித் தேர்வு’ கிராமத்துப் பிள்ளைக்குத் தூரமானது.

அமெரிக்காவிலும் இதே பாடம் ஒரு வழக்கில் கிடைத்தது. வட கரோலினாவின் டியூக் மின் நிறுவனம் கறுப்பினத் தொழிலாளரைக் கூலிப் பிரிவிலேயே வைத்திருந்தது. பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965 சூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், மற்றப் பிரிவுகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று நிறுவனம் புதிய விதி கொண்டுவந்தது. அந்தப் பிரிவுகளில் ஏற்கெனவே இருந்த வெள்ளையர் பலர் பள்ளிச் சான்று இல்லாமலே நன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சான்றிதழ் நிபந்தனை, திறனறித் தேர்வு இரண்டையுமே நிராகரித்தது. குறிப்பிட்ட வேலையோடு தொடர்பு உண்டு என்று நிறுவாத எந்த அளவுகோலும், அது பட்டமானாலும் பரீட்சையானாலும், விலக்கிவைக்கும் கருவியாகலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பட்டத்துக்கு எதிராகப் பேசும்போது நம்மில் பலர் கணித மேதை இராமானுஜனைக் காட்டுவது வழக்கம். எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவருக்கு 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது உண்மை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வுத்தொகை கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்தக் கதவுகளைத் திறந்தவர்கள் யார்? மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரை, ராமச்சந்திர ராவின் ஆதரவு, துறைமுகத்தின் நாராயண ஐயரும் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் காட்டிய அக்கறை. பட்டமில்லாத திறனுக்குப் பரிந்துரைப்பவர் தேவைப்பட்டார். அப்படிப்பட்டவர்களின் வீட்டு வாசல் வரை போக முடியாத திறனாளர்களின் பெயர் நமக்குத் தெரியாமலே போயிற்று.

7. பட்டறை சொல்லும் வழி

பட்டமும் வேண்டாம், பரிந்துரையும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி உண்டா? உண்டு. நம் வட்டாரத்துத் தொழில்களே அதை நெடுங்காலமாகக் கையாள்கின்றன.

தமிழ்நாடு அரசு நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஒயரிங் வேலையில் ஐந்தாண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயது நிறைவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தேர்வு நடக்கிறது. கொத்தனாரோடும் மேஸ்திரியோடும் கட்டட வேலைக்குப் போய், குழாய் பதித்து, கம்பி இழுத்து, சுவிட்ச் போர்டு கட்டிப் பழகிய ஒருவர், அந்த அனுபவத்தையே முதலாக வைத்து அரசுச் சான்று பெறுகிறார். திறன் முதலில் வருகிறது. சான்று பின்னால் வந்து அதை உறுதிசெய்கிறது.

வெல்டிங் இன்னும் கறாரானது. தகடு வெல்டிங்கில் ஆளைச் சோதிக்கும் முறை இது: இரண்டு தகடுகளின் விளிம்பைச் சரித்து, சிறு இடைவெளி விட்டு நிறுத்திக் கொடுப்பார்கள். முதலில் ரூட் ஓட்ட வேண்டும். கசடு தட்டி, பிரஷ் போட்டு, அடுத்தடுத்த ஓட்டங்களில் நிரப்பி, கடைசியில் கேப்பிங் முடிக்க வேண்டும். பிறகு அந்தப் பற்றவைப்பைக் குறுக்கே பட்டைகளாக வெட்டி, அழுத்த எந்திரத்தில் வைத்து ‘யு’ வடிவத்துக்கு வளைப்பார்கள். வளைந்த பரப்பில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பிளவு தெரிந்தால் தேறவில்லை. உயரழுத்தக் கொதிகலன்களிலும் குழாய்களிலும் கைவைக்க வேண்டுமானால், இந்தியக் கொதிகலன் விதிமுறைகள், 1950இன் கீழ் இதைவிடக் கடுமையான சோதனையில் தேறிச் சான்று பெற வேண்டும். வளையும் இரும்புக்கு வெல்டரின் சாதி தெரியாது, ஊர் தெரியாது, அவர் பேசும் ஆங்கிலமும் தெரியாது.

இந்த இரண்டிலும் சான்றிதழ் ஒழிக்கப்படவில்லை. திறனைச் செய்யவைத்துப் பார்த்த பிறகு கொடுக்கப்படுவதாக அது மாற்றப்பட்டிருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் செல்லுபடியாகிறது. பொதுவான ஓர் அமைப்பு அளந்து கொடுப்பதால் முதலாளியின் விருப்புவெறுப்பு அதில் புகுவதில்லை. பட்டத்துக்கும் திறனுக்கும் இடையிலான சண்டை இந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது.

8. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு செலவு பற்றியது. பயிற்சி கொடுத்து ஆளாக்கினால் அடுத்த கம்பெனிக்காரர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்துக் கூட்டிப்போய்விடுவார் என்று சிறு தொழில் நடத்துவோர் அஞ்சுகிறார்கள். கேரி பெக்கர் 1964இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்: எங்கும் பயன்படும் பொதுத் திறனுக்கு எந்த முதலாளியும் தானே செலவு செய்ய முன்வரமாட்டார். ஆனால் நடைமுறை முழுவதும் அப்படி இல்லை. ஸோஹோ நிறுவனம் 2000களின் நடுவிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து மென்பொருள் கற்பித்து வேலைக்கு எடுக்கிறது. 2011இல் தென்காசிக்கும் அது கிளை பரப்பியது. அரவிந்தும் ஸோஹோவும் சேவை மனத்தால் மட்டும் இதைச் செய்யவில்லை. இந்த முறையில் அவர்களுக்கு உறுதியான ஆள்பலம் கிடைத்திருக்கிறது. நாலு பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு இது இயலாது என்பது சரிதான். அங்கேதான் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் உதவித்தொகைப் பகிர்வும், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் துணைக்கு வர வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கல்வியைப் பற்றியது. பட்டம் வேண்டாம் என்று முதலாளிகள் சொல்லத் தொடங்கினால், ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் கல்லூரியை விட்டு நிற்பார்கள். வசதியுள்ளவர் தொடர்ந்து படித்து மேலாளர் ஆவார்கள். இது வலுவான மறுப்பு. பள்ளி முடித்தவரைச் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டு கழித்தும் அதே படியில் வைத்திருக்கும் நிறுவனம் செய்வது மலிவான ஆள்பிடிப்பு. உள்ளே வந்தவர் மேலே போவதற்கும், விரும்பினால் வேலையோடு படிப்பதற்கும் வழி எழுதப்பட்டிருந்தால்தான் அந்தத் திட்டத்தை ஏற்க முடியும். பயிற்சி என்ற பெயரில் பெற்றோரிடமே கட்டணம் வாங்கும் திட்டங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. செலவை மறுபடியும் குடும்பத்தின் தலையில் வைப்பவை அவை.

மூன்றாவது மறுப்பு பொதுநலம் பற்றியது. மருத்துவர், மருந்தாளுநர், கட்டுமானப் பொறியாளர் ஆகியோரிடம் பட்டம் கேட்காமல் இருக்க முடியுமா? முடியாது, கூடாது. தவறினால் தீங்கு மூன்றாம் நபருக்கு என்றால், அந்தத் தீங்கை அவரால் முன்கூட்டி அறியவும் முடியாது என்றால், சட்டம் கேட்கும் முறையான படிப்பு தொடரத்தான் வேண்டும்.

9. முடிவு

இதுவரை பார்த்த சான்றுகளை ஒன்றுசேர்த்தால் கிடைக்கும் முடிவு இது: வேலையோடு தொடர்பில்லாத பட்ட நிபந்தனையைக் கைவிட வேண்டும். ஆனால் அதைக் கைவிடும் முதலாளி, திறனைக் கண்டறியும் செலவையும் வளர்க்கும் செலவையும் தானே ஏற்க வேண்டும். அந்தச் செலவை ஏற்காமல் “எங்களுக்குப் பட்டம் முக்கியமில்லை, ஆள்தான் முக்கியம்” என்று சொல்வது, ஆள் தெரிந்தவருக்கு மட்டும் கதவைத் திறப்பதில் போய் முடியும். அத்தகைய திறந்த மனத்தைவிடப் பழைய சான்றிதழே ஏழைக்குப் பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. விளம்பரத்தில் எந்தப் பட்டம் கேட்டாலும் அது எந்தப் பணிக்கு எதற்காகத் தேவை என்று முதலாளி ஒரு வரி எழுதிப் பார்க்கட்டும். எழுத முடியாவிட்டால் அந்த நிபந்தனையை அடித்துவிடட்டும். நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும். அப்பாவின் வேலையையும் ஊரையும் விசாரிப்பதை நிறுத்தட்டும். ஒரு நாளோ இரு நாளோ அந்த வேலையையே செய்யச் சொல்லி, அதற்கு உரிய கூலியையும் கொடுத்துப் பார்க்கட்டும். மின்கம்பி உதவியாளருக்கு இருப்பதைப் போன்ற அனுபவச் சான்றுத் தேர்வுகளை, வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனம், நோயாளிப் பராமரிப்பு, கணக்கெழுதுதல் போன்ற தொழில்களுக்கும் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழிலேயே அரசு நடத்தட்டும்.

மூன்று தலைமுறை உழைப்பில் பெற்ற கல்வியை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரிக்குப் போக முடியாதவரின் கையையும் மூளையையும் அளந்து பார்க்கும் கடமை வேலை கொடுப்பவருக்கு இருக்கிறது. அந்தக் கடமையை அவர் விண்ணப்பதாரரின் குடும்பத்தின் மீது தள்ளிவிடுவதை இனியும் நாம் இயல்பானதாக ஏற்கக் கூடாது.